ஒன்பதாவது சிப்

சுகர் லேண்டில் மேடு கிடையாது. தோசைக்கல் மாதிரி ஊர். எந்தப் பக்கம் போனாலும் ஏறி இறங்க ஒரு கரடு கிடைக்காது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் சர்க்கார் கட்டிய பாலத்தில் ஏற வேண்டியதுதான். கிட்டுசாமி அப்படி ஒரு பாலத்தைத் தேடிப் பிடித்து வைத்திருந்தான். ரோசன்பெர்க் தாண்டி, ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம். அவனுடைய டிரக், பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் இரண்டு டன் மணல் மூட்டை, பக்கத்து சீட்டில் மடியில் லேப்டாப்போடு மனைவி சாந்தாமணி. தொண்ணூற்று ஏழாம் வருசத்துக் கோடை முழுக்க அவர்களுடைய சனிக்கிழமைகள் இப்படித்தான் போயின.

தெரிந்த குடும்பங்கள் எல்லாம் சனிக்கிழமையானால் பியர்லாண்ட் கோவிலுக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டன. இவர்கள் பாலத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். 'உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா, லாரி டிரைவர் ஆகப் போறாரா?' என்று எதிர்வீட்டு நாகரத்தினம் ஆன்ட்டி ஒருநாள் கேட்டுவிட்டாள். சாந்தாமணிக்கு அன்றைக்குப் பூராவும் மனசு சரியில்லை.

டிரக் ஐந்து வருசப் பழசு. ஏலத்தில் எடுத்தது. முக்கால் டன் வகை, ஏழரை லிட்டர் பெட்ரோல் என்ஜின், எட்டு சிலிண்டர். கிட்டுசாமி ஓர் எனர்ஜி கம்பெனியில் கன்ட்ரோல்ஸ் என்ஜினீயர். அந்த டிரக்கின் டேஷ்போர்டில் இருக்கிற கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள கம்ப்யூட்டரில் விரல் நீளத்துக்கு ஒரு சிப் இருக்கிறது என்றும், எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது என்றும், அதை அழித்துவிட்டு நாமே எழுதலாம் என்றும் இன்டர்நெட்டில் ஒரு மெயில் குழுவில் படித்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பு இல்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. பொறி கொஞ்சம் முந்தினால் இழுவை கூடும். ரொம்ப முந்தினால் உள்ளே தட்ட ஆரம்பிக்கும். தட்டவிட்டு ஓட்டினால் பிஸ்டன் உடைந்து என்ஜின் போய்விடும். லேப்டாப்பில் அந்தத் தட்டல் ஓர் எண்ணாக வரும். அதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வதுதான் சாந்தாமணியின் வேலை.

"ஜீரோ... ஜீரோ... மூணு... பதினொண்ணுங்க, காலை எடுங்க" என்பாள். அவன் எடுத்துவிடுவான். இரண்டு மாதத்தில் எண் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குக் காது சொல்லிவிட்டது. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் அவனிடம் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் தனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டதாக அர்த்தமாகிவிடும் என்று நினைத்தாள்.

அவளுக்குத் தன் வேலை உண்டு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை. ஒரு நாளைக்கு இருநூறு குழாய். ஸ்டிக்கர் இல்லாமல் ஒரு குழாய் வந்தால் யார் வந்து கெஞ்சினாலும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்து வா என்பாள். ஜூனியர்களுக்கு அந்த விஷயத்தில் அவள் சிம்ம சொப்பனம்.

மார்ச்சில் கிரீன் கார்டு வந்தது, இனி கம்பெனியை விட்டாலும் இந்த நாட்டிலேயே இருக்கலாம். செப்டம்பரில் கிட்டுசாமியின் கம்பெனி அவனை வேறு மாநிலத்திலுள்ள துல்சாவுக்கு மாற்றுகிறோம், பெரிய பதவி என்றது. அதே வாரம் ஸ்டாஃபர்டில் வண்டிகளுக்கு சைலன்சர் மாற்றுகிற ஷெட் வைத்திருக்கிற செல்வராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், தன் பக்கத்து ஷெட் காலியாகிறது என்றார். கிட்டுசாமி அந்த ஷெட்டை எடுத்து ஊரிலுள்ள டிரக்குகளுக்கெல்லாம் சிப் எழுதலாம் என்றான். இரண்டுக்கும் அக்டோபரில் ஒரே திங்கட்கிழமைதான் கெடு. வீட்டில் ஒரு வாரம் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாந்தாமணிக்குத் துல்சாதான் சரி என்று பட்டது. மாதம் பிறந்தால் சம்பளம், பத்து வயசு வான்மதிக்கு நல்ல ஸ்கூல், நாகரத்தினம் ஆன்ட்டிக்குச் சொல்ல ஒரு கௌரவமான பதில். கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"கவுன்ட்டி ஃபேர் பொருட்காட்சில டிரக்கு வெச்சுப் பாரம் இழுக்கற போட்டி வருதுன்னீங்களே மாமா. முந்நூறு அடி இழுத்துட்டா ஷெட்டு எடுத்துக்கங்க, நான் குறுக்க வரமாட்டேன். இழுக்காட்டித் துல்சா. அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுங்க."

அவன் சரி என்றான். போட்டி விஜயதசமியன்று விழுந்தது, கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மொத்தம் ஒன்பது சிப் எழுதினான். எட்டாவது நன்றாக இழுத்தது, ஆனால் ஆகஸ்ட் வெயிலில் என்ஜின் சூடேறியதும் தட்டித் தீர்த்துவிட்டது. அன்று என்ஜின் பிழைத்ததே பெரிது. ஒன்பதாவதில் சூட்டுக்குத் தகுந்த மாதிரி பொறியைப் பின்னுக்குத் தள்ளி, பெட்ரோலைக் கூட்டினான். அது தட்டவே இல்லை. சிப் எழுதுகிற பெட்டி சான் ஹோசேயில் இருக்கிற நண்பன் சபரிநாதனுடையது. வேலை முடிந்ததே என்று புதன்கிழமை அதைப் பார்சலில் திருப்பி அனுப்பிவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆயுதபூஜை. சாந்தாமணி லீவு போட்டிருந்தாள். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். ஆயுதபூஜைக்குத் தறியில் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அவள் வீட்டில் பூஜை ஆரம்பிக்காது. அந்தப் பழக்கம் அப்படியே கூடவே விமானம் ஏறி வந்திருந்தது. காலையிலேயே கிட்டுசாமியிடம், ஸ்பேனர் செட் மட்டும் போதாது, வண்டியில் ஓடுகிற அந்த சிப்பையும் கழற்றிக் கொடுங்கள், வண்டிக்கு உயிரே அதுதானே, அதை விட்டுவிட்டு என்ன பூஜை என்றாள். அவனும் சந்தோஷமாகக் கழற்றி, மற்ற எட்டோடு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவளுடைய காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனான்.

அவள் வீட்டை அலசித் தள்ளினாள். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், லேப்டாப், கிரைண்டர், தையல் மெஷின், வான்மதியின் சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்தாள். கடைசியாக டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் கறுப்பு டேப் துண்டு, மேலே வெள்ளை மையில் என்னவோ கிறுக்கல். கோடைச் சூட்டில் டேப் உருகி, பிசின் வழிந்து, தூசு அப்பிக் கிடந்தது. ஒவ்வொன்றாக உரித்தாள். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுப் பளிச்சென்று துடைத்தாள். பித்தளைத் தட்டில் வரிசையாக அடுக்கி, நடுமுதுகில் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சாயங்காலம் பொரி, கடலை, சுண்டலோடு பூஜை நிறைவாக நடந்தது. கிட்டுசாமி தட்டைப் பார்த்தான். டேப்பின் மேல் பொட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகும்வரை தொடக் கூடாது.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கற்பூரம் காட்டி முடிந்தது. கிட்டுசாமி தட்டருகே குந்தி ஒரு சிப்பை எடுத்தான். திருப்பிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். ஒன்பதையும் பார்த்து முடித்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்பரெல்லாம் எங்க சாந்தா?"

"பிசினு பிசினா ஒழுகிட்டிருந்துதுங்க. பூசைக்கு வெக்கறதாச்சேன்னு..."

அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கறுப்பு டேப்பின் மேலிருந்த கிறுக்கல் என்னவென்று அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. ஸ்டிக்கர் இல்லாத குழாயைத் தொடாதவள், ஒன்பது ஸ்டிக்கரைத் தன் கையாலேயே உரித்து எறிந்திருக்கிறாள்.

அவன் சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை.

"துல்சாவுக்குத்தான் போகணும்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல. நான் வந்திருப்பனே" என்றான்.

சாந்தாமணிக்கு நெஞ்சில் நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் அவன் சொன்ன சொற்களில் இதுதான் அதிகம் வலித்தது. இல்லை என்று சொன்னால் நம்புவானா என்பதும் தெரியவில்லை. சிப்பைக் கேட்டு வாங்கியவளும் அவள்தான், துல்சா வேண்டும் என்றவளும் அவள்தான். அழுதால் மணி ஏழாகிவிடும். அழவில்லை.

"உள்ளார நம்பர் ஏதாச்சும் எழுதியிருப்பீங்கல்ல? லேப்டாப்புல வருமில்லீங்க?"

எழுதலாம், எழுதியிருக்க வேண்டும், சோம்பலில் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பரை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டான். பெட்டியும் கையில் இல்லை. சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு, வெயில் பட்டால் எழுதினது அழிந்துபோகும், அதற்குத்தான் டேப் என்றும் சொன்னான். சொல்லிவிட்டுப் பொட்டுகளைப் பார்த்தான். சந்தனம் சன்னலை நன்றாகவே மூடியிருந்தது.

"போட்டிக்கு எத்தன மணிக்கு வண்டியக் காட்டணும்?"

"பதினொண்ணு."

"நாலு மணி நேரம் இருக்குது. ஒம்போது சாம்பிள், பேரு தெரியாது. ஓட்டிப் பாத்துக் கண்டுபுடிக்கறது. இதத்தான் நான் டெய்லி பண்றேன். எந்திரிங்க."

ஹேண்ட்பேக்கில் எப்போதும் லேப் ஸ்டிக்கர் சுருள் ஒன்று கிடக்கும். ஒன்பது ஸ்டிக்கர் கிழித்து அ, ஆ, இ என்று ஐ வரைக்கும் எழுதி, ஒவ்வொரு சிப்புக்கும் அடிவயிற்றில் ஒட்டினாள். பொட்டு பொட்டாகவே இருந்தது. தூங்கி எழுந்த வான்மதியை நாகரத்தினம் ஆன்ட்டி வீட்டில் விட்டார்கள். 'லாரியா, இன்னைக்குமா?' என்றாள் ஆன்ட்டி. 'ஆமாங்க ஆன்ட்டி, இன்னைக்கு நெம்ப முக்கியம்' என்று சாந்தாமணி வாசலிலேயே திரும்பினாள்.

சிப்பை மாற்றக் கையுறைப் பெட்டியைக் கழற்ற வேண்டும். அது வலது பக்கம், ஸ்டியரிங் இடது பக்கம். மாற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் வலது சீட்டில் உட்கார்ந்தான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இதுவரை அவள் ஓட்டியதெல்லாம் ஒரு சின்ன கார். டிரக்கின் சீட்டில் ஏறியதும் ரோட்டில் போகிறவர்களின் தலை உச்சி தெரிந்தது. பின்னால் இரண்டு டன் மணல். முதல் திருப்பத்தில் டிரெய்லர் ஓரத்து நடைபாதையில் ஏறி இறங்கியது.

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருக்கணுமுங்க" என்றாள். "அந்த மஞ்ச போர்டுகிட்ட நாப்பது மைல் ஸ்பீடுல வருவேன். அங்கிருந்து காலை அழுத்துனா மேல பாலத்துத் தளம் சேர்ற ஜாயின்ட் வர்ற வரைக்கும் எடுக்கமாட்டேன். அங்க ஸ்பீடு எத்தனைன்னு நான் சொல்றேன், தட்டல் எத்தனைன்னு நீங்க சொல்லுங்க."

வீட்டிலிருந்தே அ போட்டுத்தான் வந்திருந்தார்கள். மஞ்சள் போர்டு வந்தது. அழுத்தினாள். என்ஜின் உறுமியது, சீட் முதுகில் இடித்தது, ஆனால் உச்சியில் நாற்பத்தொன்பதுதான். தட்டல் ஜீரோ. சோப்ளாங்கி. ஆ ஐம்பத்தைந்து, தட்டல் பதினாலு. இ ஐம்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, கீழே சுற்றி, பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தி, அவன் கையுறைப் பெட்டிக்குள் தலையை விட்டுச் சிப்பை மாற்றினான். முதலில் பத்து நிமிஷம் ஆனது. நான்காவதில் ஆறு நிமிஷம். பேச்சு எண்களாக மட்டும் இருந்தது. ஈ போட்டபோது உச்சியில் அறுபத்தொன்று, ஜீரோ.

"அதுதான்!" என்றான் அவன். காலையிலிருந்து அவன் குரலில் வந்த முதல் உயிர் அது.

"இருங்க, ஒம்போதும் முடியட்டும்."

லேபில் பழகிய புத்தி. முதலாவதாகக் கிடைத்ததே சரி என்று எழுதிவிட்டு அப்புறம் தலையில் கைவைத்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். உ, ஊ இரண்டும் பாதி ஏற்றத்திலேயே தட்டித் தள்ளுபடி ஆயின. எ போட்டார்கள். அறுபத்தொன்று. ஜீரோ. ஏயும் ஐயும் பக்கத்தில்கூட வரவில்லை. மணி ஒன்பது இருபது. கையில் ஈயும் எயும் மிஞ்சின. ஒன்று எட்டு, மற்றது ஒன்பது. காலைக் குளிர்ச்சியில் இரண்டும் உடன்பிறப்பு மாதிரி ஏறின. மத்தியானம் இரண்டு மணி வெயிலில் எட்டு என்ன செய்யும் என்பது இருவருக்கும் தெரியும்.

கிட்டுசாமி நெற்றியைப் பிசைந்தான். சாந்தாமணி இறங்கிப் போய் டிரக்கின் பின்பக்கத்தில் எதையோ தேடினாள். பொரி வாங்கி வந்த அட்டைப்பெட்டி அங்கே கிடந்தது. அதைக் கிழித்து விரித்துக்கொண்டு முன்பக்கம் வந்து, ரேடியேட்டர் ஜாலிக்கு முன்னால் செருகினாள்.

"என்ன பண்ற புள்ள?"

"காத்து போவாட்டி என்ஜின் சூடாகுமுங்க. இப்பவே மத்தியானமாயிரும்."

"என்ஜின் போயிரும் சாந்தா."

"போனாத் துல்சா. தப்பான சிப்பப் போட்டு இழுத்தாலும் துல்சாதான். ஏறுங்க."

எயோடு கிளம்பினார்கள். ஜன்னலுக்கு வெளியே பருத்தி வெடித்த காடுகள் ஓடின. சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே நகர்ந்தது. மஞ்சள் போர்டில் அழுத்தினாள். ஐம்பது, ஐம்பத்து நான்கு. பாலம் பாதி ஏறவில்லை, எண்ணெயில் முதல் கடுகு வெடித்தது. அவன் லேப்டாப்பைப் பார்த்து வாய் திறப்பதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள். திரையில் இருபத்தாறு என்று நின்றது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான்.

"ஜூலைல இருந்தே கேக்குதுங்க" என்றாள்.

ஈயைப் போட்டு, அதே அட்டை, அதே சூடு. போர்டு வந்தது. அழுத்தினாள். ஏழரை லிட்டரும் ஒரே குரலில் பாடியது. தட்டல் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது, ஜாயின்டில் அறுபத்தொன்று. மணல் மூட்டை பின்னால் இருப்பதாகவே தெரியவில்லை. சாந்தாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இன்னொரு பாலம் இருந்தால் தேவலை என்று இருந்தது. எக்ஸிட்டில் இறங்கும்போதுதான், காலை ஏழு மணியிலிருந்து துல்சாவைப் பற்றி ஒரு தடவைகூடத் தான் யோசிக்கவில்லை என்பது அவளுக்குப் பட்டது. அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கிட்டுசாமி அட்டையை உருவிப் போட்டான். மணல் மூட்டைகளோடு டிரெய்லரைச் செல்வராஜாவின் ஷெட்டில் விட்டுவிட்டு ஃபேர் மைதானத்துக்குப் போனபோது மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. மாட்டுக்கொட்டகை வாசம், பார்பெக்யூ புகை, தொப்பி வைத்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் தலையில் சாமந்தியும் நெற்றியில் குங்குமமுமாக அவள் ஒருத்திதான். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் டிரக்குகளின் மேல் இருந்தது.

பரிசோதனை மேசையில் கிட்டுசாமி ஃபாரத்தை வாங்கி எழுதினான். எழுதிவிட்டு அவள் பக்கம் தள்ளினான். ஓட்டுநர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"என்னுங்க இது?"

"காலைல பதினோரு தடவ ஏறுனது நீ. காதும் உன்றதுதான்." பேனா மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். "காலைல சொன்னது தப்பு. சொல்லியிருக்கக் கூடாது."

அவன் மன்னிப்பு கேட்டு அவள் பார்த்ததில்லை. கையெழுத்தைப் போட்டாள்.

பக்கத்தில் நின்ற செல்வராஜா எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, நீங்களோ ஓட்டப் போறியள்?" என்றார். ஓம், அவதான் என்று கிட்டுசாமி அவர் பேச்சிலேயே பதில் சொன்னான்.

இரண்டு மணிக்கு வெயில் கொளுத்தியது. சறுக்குவண்டி என்று ஒன்று மண் தடத்தில் நின்றது. இரும்புத் தளம், அதன்மேல் கனத்த எடைப்பெட்டி. டிரக் இழுக்க இழுக்க அந்தப் பெட்டி பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். அடிக்கு அடி பாரம் கூடும். முந்நூறு அடியை முழுசாக இழுத்தவர்கள் குறைவு. அவள் முறை வருவதற்குள் ஒன்பது டிரக் இழுத்திருந்தன. அதிகபட்சம் இருநூற்று எழுபத்தெட்டு.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தபோதுதான் சாந்தாமணிக்கு முழுசாகப் புரிந்தது. ஷெட்டா, துல்சாவா என்பது இப்போது அவள் வலது காலுக்கு அடியில் இருந்தது. ஒரு நூல் அளவு காலைத் தளர்த்தினால் போதும். இருநூற்று ஐம்பதில் நின்றுவிடும். யாருக்கும் தெரியாது, லேப்டாப்பும் வண்டியில் இல்லை. காலையில் அப்படிச் சொன்னவன், இப்போது அந்தக் காலை நம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். பக்கத்தில் நாகரத்தினம் ஆன்ட்டியும் வான்மதியும். ஆன்ட்டி எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. வான்மதி, "கோ அம்மா, கோ!" என்று கத்துவது ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது.

பச்சைக் கொடி விழுந்தது. சங்கிலி இறுகட்டும் என்று மெதுவாக எடுத்தாள். இறுகியது. அழுத்தினாள். தரைவரைக்கும் அழுத்தினாள்.

மண் பறந்தது. நூறு அடி என்ற பலகை சட்டென்று கடந்தது. இருநூறில் யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுக்கிற மாதிரி பாரம் ஏறியது. முன்சக்கரம் லேசானது, ஸ்டியரிங் கையில் நழுவியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கவில்லை. ஒன்பதாவது சிப் வெயிலில் நின்று பாடியது. இருநூற்று ஐம்பது. மூக்கு தூக்கிக்கொண்டு வானம் தெரிந்தது. அவள் காலை எடுக்கவில்லை. இருநூற்று எண்பது என்ற பலகை பக்கத்தில் வந்து, மெல்ல, மெல்லப் பின்னால் போனது. அப்போது என்ஜின் லேசாக மூச்சு வாங்கியது. அடுப்பில் எண்ணெய் தீர்ந்த மாதிரி ஓர் இடறல். சக்கரம் நின்ற இடத்தில் சுற்றியது. சிவப்புக் கொடி.

இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு என்றார்கள் மைக்கில். கூட்டம் விசிலடித்தது. அன்றைக்கு அதுவே முதலிடம், கடைசிவரை யாரும் தாண்டவில்லை. ஆனால் முந்நூறுக்கு ஆறு அடி குறைவு.

கிட்டுசாமி ஓடி வந்து கதவைத் திறந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினாள். சாமந்தி நசுங்கி, குங்குமம் மூக்குவரைக்கும் வழிந்திருந்தது. அவன் முகம் சந்தோஷத்தில் இருந்தது, கூடவே தோற்றவன் முகமாகவும் இருந்தது.

"ஃபர்ஸ்ட் சாந்தா. போதும், இது போதும். பேச்சுன்னா பேச்சு. திங்கக்கெழம துல்சாவுக்குச் சரின்னு சொல்லீர்றேன்."

அவள் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"மாமா, நான் காலை எடுக்கலீங்க."

"தெரியும் புள்ள. நான் என்ற கண்ணாலதான பாத்துட்டிருந்தேன்."

"அதில்லீங்க. காலை எடுக்கல, தட்டவும் இல்ல. எரநூத்தி எம்பதுக்கு மேல மூச்சு வாங்குச்சுங்க. பெட்ரோல் பத்தல. அந்தக் கடைசி இழுவைக்குப் பெட்ரோலக் கொஞ்சூண்டு கூட்டி எழுதுனீங்கன்னா முந்நூறு அடி போயிரும்."

அவள் ஹேண்ட்பேக்கை எட்டி எடுத்து ஸ்டிக்கர் சுருளை உருவினாள். ஒரு ஸ்டிக்கர் கிழித்து, ஸ்டியரிங்கின் மேலேயே வைத்து 'பத்து' என்று எழுதி, அவன் சட்டைப் பையில் ஒட்டினாள்.

"சபரிநாதன் பெட்டிய எத்தன தடவ பார்சல்ல வரவெக்கறது? நம்முளுக்குன்னு ஒண்ணு வேணுமுங்க. திங்கக்கெழம நான் லீவு சொல்லீர்றேன், ஷெட்டுப் பத்திரத்துல ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தர்லாம்" என்றாள்.